சைக்கிள் பயணத்துக்குச் சின்ன விறகு அடுப்பு: எதை வாங்கலாம்?

நொய்யல்கரை (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரம்மாவும் அவ்வப்போது சைக்கிளில் கிளம்பி, தெரிந்தவர்களின் தோட்டத்திலோ எஸ்டேட்டிலோ கூடாரம் போட்டுத் தங்குவோம். ஆனைகட்டிப் பக்கம், சிறுமலை, ஏற்காடு, அடுத்தது டிசம்பரில் கொல்லிமலை. இதுவரை டப்பா கேஸ் அடுப்புதான். அதில் எனக்கு இரண்டு வருத்தம். காலி டப்பாக்கள் வீட்டில் ஒரு சாக்கு சேர்ந்துவிட்டன. தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார், குப்பை வண்டியில் போடவும் மனசு வரவில்லை. இன்னொன்று ரயில். திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றிவிடலாம், கேஸ் டப்பாவோடு ஏற முடியாது. ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீதிக் கேஸை அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது.

அதனால் சுள்ளி வைத்து எரிக்கிற சின்ன அடுப்பு ஒன்று வாங்க நினைக்கிறேன். காலையில் இரண்டு டம்ளர் காபி, ராத்திரி ஒரு லிட்டர் சட்டியில் உப்புமாவோ கஞ்சியோ, அவ்வளவுதான் சமையல். எடை அரை கிலோவுக்குள் இருக்கணும். தோட்டத்துக்காரர் புல்தரையைக் கருக்கிவிட்டு வரக் கூடாது. வீட்டுக்காரம்மாவுக்கு வீசிங் இருப்பதால் புகை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சோலோ ஸ்டவ் லைட், பயோலைட், நாலு தகடு சேர்த்து மாட்டுகிற மடக்குப் பெட்டி, கெல்லி கெட்டில் என்று பார்த்து வைத்திருக்கிறேன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

பர்லியார் (குன்னூர்)

அடுப்புக்கு முன்னால் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவில் இருக்கிறவன், பிப்ரவரி பிறந்தால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே காய்ந்த சுள்ளி பொறுக்குவதும் கூடாது. "என்னுடையது சின்ன அடுப்பு, தரையில் படாது" என்று வனக்காப்பாளரிடம் வாதாடி ஒரு பயனும் இல்லை, வாதாடவும் கூடாது.

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த போதைப்புல் (மலைச்சரிவில் உயரமாக வளரும் ஒரு புல்) நிறைந்த சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அந்த வருஷமே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. அதெல்லாம் வழிகாட்டியோடு போய்த் திரும்பும் ஏற்பாடு, அங்கே அடுப்புக்கு வேலை இல்லை.

நீங்கள் தனியார் தோட்டம் என்பதால் பேச்சைத் தொடரலாம். உரிமையாளரிடம் "கூடாரம் போடலாமா" என்று கேட்பது வேறு, "விறகு அடுப்பு மூட்டலாமா" என்று கேட்பது வேறு. இரண்டையும் கேளுங்கள். காட்டை ஒட்டிய எஸ்டேட்டாக இருந்தால் பிப்ரவரியிலிருந்து கோடை மழை நன்றாக இறங்கும்வரை விறகு அடுப்பைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். அந்த மாதங்களுக்கு உங்கள் கேஸ் அடுப்புதான் பசுமையான அடுப்பு. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

கனலி (சென்னை)

பர்லியார் சொன்னது அடித்தளம். அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு அடுப்பு விஷயம். இயந்திரவியல் படித்தவன், எரிதல் எனக்குப் பிடித்த பாடம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 315 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 16 மெகாஜூல் தரும். மூன்று கல் வைத்து எரித்தால் அதில் 10 முதல் 15 சதவீதம்தான் சட்டிக்குள் போகும், மீதி காற்றோடு போய்விடும். காற்று மறைப்புள்ள சின்ன அடுப்பில் 20 சதவீதம் என்று தாராளமாக வைக்கலாம். அப்படியானால் லிட்டருக்கு 100 கிராம் சுள்ளி. உங்கள் காபி, உப்புமா இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை கிலோ போதும். இரண்டு கைப்பிடிச் சுள்ளி. எந்த மரத்தையும் வெட்ட வேண்டாம், கிளையை முறிக்க வேண்டாம், உதிர்ந்து கிடப்பதே போதும். சின்ன விறகு அடுப்பைப் பசுமை என்று சொல்வதற்கு இதுதான் நியாயம். கடைக்காரர்கள் பெட்டியில் அச்சடித்திருக்கும் இலைப் படம் எல்லா அடுப்புக்கும் ஒன்றுதான்.

இப்போது வகை. சோலோ ஸ்டவ் லைட் இரட்டைச் சுவர் வகையைச் சேர்ந்தது. 255 கிராம், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் விட்டம், 304 தர எவர்சில்வர். இதே அமைப்பில் கனடாவின் புஷ்படி முன்பே வந்தது, இப்போது பெயர் தெரியாத பல கம்பெனிகளும் செய்கின்றன. வெளிச்சுவரின் அடிப்பக்கம் துளைகள் இருக்கும். அதன் வழியே நுழையும் காற்றில் ஒரு பங்கு கீழ்த்தட்டு வழியாக விறகுக்குப் போகிறது. இன்னொரு பங்கு இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறிச் சூடாகி, உள்சுவரின் மேல் விளிம்பை ஒட்டிய துளைகளில் வெளிவருகிறது. விறகு சூடாகும்போது முதலில் எரியக்கூடிய வாயுவைத்தான் விடும். திறந்த நெருப்பில் அந்த வாயு முழுக்க எரியாமல் புகையாகிப் போகிறது. இங்கே மேலே காத்திருக்கும் சூடான காற்று அதைப் பிடித்து எரித்துவிடுகிறது. சரியாக மூட்டினால் மேல் துளை ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகத் தீ நாக்கு உள்நோக்கி நீளுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நேரத்தில் புகை அநேகமாக இருக்காது.

"சரியாக மூட்டினால்" என்பதுதான் முக்கியம். நம் வீட்டுப் பழக்கத்தில் அடியில் தீ வைத்து மேலே விறகு போடுவோம். இதில் தலைகீழ். சுண்டுவிரல் பருமனுள்ள காய்ந்த சுள்ளிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, மேல் துளைகளுக்கு ஓர் அங்குலம் கீழே வரை நெருக்கமாக அடுக்குங்கள். அதன்மேல் தேங்காய் நார், ஈர்க்குச்சி, பனையோலைத் துண்டு. உச்சியில் ஒரு வில்லை சூடம். அங்கே பற்றவையுங்கள். தீ மெதுவாகக் கீழே இறங்கும், கிளம்பும் வாயு மேலேயுள்ள சுவாலையைத் தாண்டித்தான் போகணும், அதனால் எரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று நிமிஷம் சட்டி வைக்காதீர்கள். குளிர்ந்த சட்டியின் அடி சுவாலையை அணைக்கும், புகையும் கரியும் அப்போதுதான் வருகிறது. அடுக்கு மேல் துளையை மூடும் அளவுக்குப் போனால் மொத்த அமைப்பும் வீண், சாதாரணத் தகர டப்பாவில் எரிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

உங்கள் தேவைக்கு என் ஓட்டு இரட்டைச் சுவருக்கு.

மதுரைமலை

கனலி அண்ணன் சொன்ன தத்துவத்தில் குறை இல்லை. ஆனால் இரட்டைச் சுவர் அடுப்பில் ராத்திரிச் சமையல் முழுசா செஞ்சு பாருங்க. வாய் நாலு அங்குலம். எல்லாச் சுள்ளியையும் விரல் நீளத்துக்கு ஒடிச்சு, முதல்லயே குவிச்சு வைக்கணும். சட்டிக்கு அடியில இருக்குற சின்ன வாசல் வழியா நிமிஷத்துக்கு ஒண்ணா போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு பிடி மொத்தமா போட்டா வாயு ஒரேயடியா கிளம்பி புகைஞ்சிரும், போடாம விட்டா கங்காகிப் படுத்துரும். கஞ்சி காய்ச்ச அரை மணி நேரம்னா அரை மணி நேரமும் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்.

மடக்குப் பெட்டியில முன்பக்கம் வாசல் பெருசு. ஒரு முழம் நீளக் குச்சியை அப்படியே உள்ள விட்டு, எரிய எரிய நுனியைத் தள்ளிக்கிட்டே இருக்கலாம். நம்ம வீட்டு அடுப்புல விறகைத் தள்ற மாதிரியேதான். தீயைக் குறைக்கணுமா, குச்சியை வெளியே இழு. உப்புமாவுக்குத் தாளிக்கிறப்போ அந்தக் கட்டுப்பாடு ரொம்ப வேணும். மடிச்சா தட்டையா ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்கு வந்துரும், சைக்கிள் பையோட ஓரத்துல சொருகிக்கலாம். டைட்டானியத்துல வாங்கினா 150 கிராமுக்குள்ளயே இருக்கு. எடைதான் முக்கியம்னா அதை மிஞ்ச ஒண்ணும் இல்லை.

குறையும் சொல்றேன். கீல் வச்சது வாங்காதீங்க. நான் முதல்ல வாங்கின ஒண்ணு, கம்பெனி பேர் வேண்டாம், சூட்டுல தகடு நெளிஞ்சு கீல் இறுகிப்போய் மடிக்கவே வரல. தகடு தனித்தனியா கழட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுறது நல்லா உழைக்குது. அடித்தகடு இல்லாத மாடலும் வேண்டாம். கங்கு நேரா மண்ணுல விழும்.

கனலி (சென்னை)

தாளிக்கும்போது கட்டுப்பாடு வேணும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது இரட்டைச் சுவரின் உண்மையான பலவீனம். ஆனால் நொய்யல்கரை வீட்டில் வீசிங் என்கிறார். ஒற்றைத் தகட்டுப் பெட்டியில் மேல்காற்று சூடாகி வருவதில்லை, புகை நிச்சயம் கூடுதல். அதனால்தான் என் முடிவை மாற்றவில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லணும். புகை இல்லாத விறகு அடுப்பு என்று ஒன்று இல்லை. நம் நாட்டு விறகு அடுப்புத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152, மின்விசிறி இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதத் திறன் கேட்கிறது. சட்டிக்குள் போகும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 350 மில்லிகிராம் வரை புகைத்துகள் அனுமதி. விசிறி வைத்த அடுப்புக்கு 35 சதவீதம், 150 மில்லிகிராம். அது வீட்டு அடுப்புகளுக்கான அளவுகோல், பயண அடுப்புகளை அதில் சோதிப்பதில்லை. ஆனாலும் விசிறி எவ்வளவு வேறுபாடு செய்கிறது என்பது இதில் தெரியும். அந்த 150 கூடக் கேஸோடு ஒப்பிட்டால் மிக அதிகம். வீசிங் உள்ளவர் மூட்டுகிற வேலையைச் செய்யவே வேண்டாம். காற்று வருகிற பக்கமாகத் தள்ளி உட்காரட்டும். குளிர்காலத்தில் மார்பு இறுக்கம் இருக்கும் நாட்களில் கேஸை எடுத்துப்போங்கள்.

கூடாரத்துக்கு உள்ளேயோ வாசல் மடிப்புக்கு அடியிலோ எக்காரணம் கொண்டும் மூட்டக் கூடாது. மழை வந்தாலும்தான். சுவாலை அடங்கிக் கங்காக இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும், அதற்கு வாசனையும் இல்லை புகையும் இல்லை. "தீ அணைந்துவிட்டது, கதகதப்புக்கு உள்ளே வைக்கலாம்" என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

வடகடல் (ஒஸ்லோ)

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்தில பிறந்து இப்ப நோர்வேயில இருக்கிறன். இஞ்ச சனிக்கிழமை எண்டால் பிள்ளையளோட காட்டுக்குப் போய் தேத்தண்ணி வைக்கிறது ஒரு வழக்கம், அதால கெல்லி கெட்டிலைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அது அயர்லாந்துச் சாமான். நடுவில புகைக்குழாய், அதைச் சுத்தித் தண்ணி. கீழ ஒரு சின்னத் தட்டில சுள்ளியைக் கொளுத்தி, கெட்டிலை அதுக்கு மேல வைச்சு, புகைக்குழாய்க்குள்ளால மேலயிருந்து குச்சி போடுறது. காத்து அடிச்சால் இன்னும் நல்லா எரியும். தண்ணி கொதிக்கிற வேகத்துக்கு இஞ்ச கதைச்ச ஒண்டும் கிட்ட வராது. ஆனால் அது தண்ணி கொதிக்க வைக்கிற சாமான் மட்டும்தான். மேல ஒரு சட்டி தாங்கி வைச்சுச் சமைக்கலாம், உப்புமா கிண்டுற அளவுக்கு உறுதியில்லை. கொண்டுபோக இடமும் பிடிக்கும், உங்கட சைக்கிளுக்குச் சரிவராது. ஆரும் வாங்கினால் ஒரு விசயம்: நெருப்பு இருக்கேக்க வாயில தக்கையை ஒருக்காலும் வைக்க வேண்டாம். நீராவி அடைபட்டுக் கொதிதண்ணி தெறிக்கும்.

இஞ்சயும் சட்டம் இறுக்கம்தான். ஏப்ரல் 15 தொடக்கம் செப்டம்பர் 15 வரை காட்டிலயோ காட்டுக்குப் பக்கத்திலயோ திறந்த நெருப்பு மூட்டக் கூடாது, தீப்பிடிக்க வழியே இல்லை எண்டு தெளிவாத் தெரியிற இடம் எண்டால் ஒழிய. பர்லியார் அண்ணை சொல்லுறது உலகம் முழுக்கப் பொருந்தும்.

ஈர விறகுக்கு ஒரு வழி. வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தாலும் கைமொத்தக் கட்டைக்கு உள்ளுக்க காய்ஞ்சுதான் இருக்கும். நல்ல கத்தியை அதில வைச்சு இன்னொரு கட்டையால தட்டிப் பிளந்து, உள்ள இருக்கிற காய்ஞ்ச பகுதியை மட்டும் சிராய் சிராயாச் சீவி எடுங்கோ. நாங்கள் மூட்டுறதுக்கு பேர்ச் மரப்பட்டை பாவிக்கிறம், உரிஞ்சு விழுந்ததை மட்டும்தான்.

நொய்யல்கரை (கோவை)

அடேங்கப்பா, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கெல்லி கெட்டில் பட்டியலிலிருந்து போய்விட்டது, நன்றி வடகடல். பயோலைட் பற்றி யாரும் பேசவில்லையே? விசிறி உள்ளது என்பதால் புகைக்கு அதுதான் நல்லதோ?

ஆழியாறு

என்னிடம் பயோலைட் இருக்கிறது. விசிறி ஓடும்போது புகை உண்மையிலேயே குறைவு, சூடும் அதிகம். தீயின் வெப்பத்திலிருந்தே மின்சாரம் எடுத்து விசிறியை ஓட்டும், மிச்சத்தில் போனும் சார்ஜ் ஆகும். ஆனால் எடை 900 கிராமுக்கு மேல். விலையோ நல்ல சைக்கிள் டயர்கள் பல வாங்கும் விலை. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளணும். 3 வாட் மின்சாரத்தில் இன்றைய போன் நிரம்புவதற்குள் நீங்கள் விறகு போட்டே ஓய்ந்துபோவீர்கள். போனுக்கு ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்வது மேல். கார் எடுத்துக்கொண்டு போகிற குடும்பத்துக்குச் சொல்வேன், சைக்கிளுக்குச் சொல்ல மாட்டேன்.

சாரணியர்அக்கா (திருச்சி)

பள்ளியில் சாரணியர் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போகிறவள் நான். எல்லாரும் அடுப்பைப் பேசுகிறீர்கள், விறகைப் பேசவே இல்லையே. எந்த அடுப்பாக இருந்தாலும் உள்ளே போவதுதான் புகையைத் தீர்மானிக்கும்.

கையில் எடுத்து ஒடித்தால் "படக்" என்று சத்தம் வரணும். வளைந்து நாராகக் கிழிந்தால் அது பச்சை, வேண்டாம். தரையில் மண்ணோடு ஒட்டிக் கிடப்பதைவிட, காய்ந்து செடியிலேயே தொங்குகிற குச்சி, வேலியில் மாட்டிக்கொண்டு நிற்கிற குச்சி எப்போதும் உலர்ந்திருக்கும். தரையில் கிடந்து மக்கியது பூச்சிக்கும் கரையானுக்கும் வீடு, அதை விட்டுவிடுங்கள்.

சமவெளியில் சவுக்குச் சுள்ளி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், நல்ல சூடு. சீமைக்கருவேலம் அதைவிடச் சுகம், எங்கும் கிடக்கிறது, எரித்தால் ஊருக்கும் நல்லது. ஆனால் முள்ளை ஒடித்துக் கீழே போட்டுவிடாதீர்கள், உங்கள் சைக்கிள் டயருக்கே அது எமன். முள்ளையும் சேர்த்து அடுப்பில் போட்டுவிடணும். மலைப்பக்கம் போனால் உண்ணிச்செடி. அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இப்போது காட்டையே மூடிவிட்டது. அதன் காய்ந்த தண்டு சின்ன அடுப்புக்கென்றே அளந்து வைத்த பருமனில் இருக்கும். கொட்டாங்குச்சியை உடைத்துப் போட்டால் நெடுநேரம் நிற்கும், ஆனால் ஆரம்பத்தில் கரும்புகை வரும். அதனால் பாதி எரிந்த பிறகு ஒரு துண்டு, இரண்டு துண்டாகச் சேருங்கள். மூங்கிலைக் கணு கணுவாகப் பிளக்காமல் போடாதீர்கள், உள்ளே அடைபட்ட காற்று வெடித்துக் கங்கை வீசும்.

தொடவே கூடாதவற்றையும் சொல்லணும். அரளிக் குச்சியை விறகாகவும் எரிக்கக் கூடாது, கிண்டுவதற்கும் எடுக்கக் கூடாது, முழுச் செடியும் விஷம். எருக்கு, கள்ளி, பால் வடிகிற எதுவும் வேண்டாம். கடலோரம், பிச்சாவரம் பக்கம் போகிறவர்கள் தில்லை மரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், புகையும் கண்ணைக் கெடுக்கும். முந்திரித் தோப்பில் கிடக்கும் முந்திரி ஓடு தொண்டையையும் தோலையும் அரிக்கும் எண்ணெய் உள்ளது. கடல் ஒதுக்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும், புகையும் நல்லதல்ல, எவர்சில்வரையும் அரித்துவிடும். ப்ளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பலகை, பழக்கடைப் பெட்டி, எதையும் எரிக்க வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளிடம் நான் முதலில் செய்யச் சொல்வது விறகைத் தரம் பிரிப்பது. ஈர்க்குச்சிப் பருமனில் ஒரு குவியல், பென்சில் பருமனில் ஒன்று, விரல் பருமனில் ஒன்று. மூன்று குவியலும் தயாரான பிறகுதான் தீப்பெட்டி வெளியே வரும். தீ பிடித்த பிறகு விறகு தேடி ஓடினால் அடுப்பு அணைந்துவிடும், யாரும் பார்க்காத தீ வேறு அங்கே எரிந்துகொண்டிருக்கும்.

பர்லியார் (குன்னூர்)

அக்கா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் பக்கம் கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) பட்டை தானாக உரிந்து சுருள் சுருளாகக் கிடக்கும், மூட்டுவதற்கு அதைவிட நல்லது கிடைக்காது. எண்ணெய்ச்சத்து உள்ளது. அதே காரணத்தால்தான் அந்தத் தோப்பு தீப்பிடித்தால் அணைக்க முடிவதில்லை; பட்டையைக் கொண்டுவந்து வேறு இடத்தில் மூட்டுங்கள், மரத்தடியில் வேண்டாம். சீகை மரச் (வாட்டில்) சுள்ளியும் நல்ல விறகு, அதுவும் வெளியிலிருந்து வந்து புல்வெளிகளைப் பிடித்துக்கொண்ட மரம்தான்.

உக்கடம்பட்டறை (கோவை)

காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ செஞ்சு பாருங்க நண்பா. பால் பவுடர் டின் ஒண்ணு, அது உள்ள போயி சுத்தி ஒரு விரல் இடம் விடுற மாதிரி பெரிய டின் ஒண்ணு. பெரிய டின்னுக்கு அடியோரமா சுத்தி ஓட்டை. சின்ன டின்னுக்கு அடித்தட்டு முழுக்க ஓட்டை, மேல விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழ ஒரு வரிசை ஓட்டை. பெரிய டின் மூடிய நடுவுல வட்டமா வெட்டி சின்ன டின்ன அதுல இறுக்கமா சொருகுனா ஆச்சு. சட்டி தாங்கிக்கு மூணு போல்ட்.  ஓட்டை போடறப்ப டின்னுக்குள்ள ஒரு மரக்கட்டைய வெச்சுட்டு ஆணி அடிங்க, நசுங்காது.

தகரம்தான், ரொம்ப நாள் வராது, உள்டின் கருகி ஓட்டையாயிரும். ஆனா எப்படி எரியுது, எவ்வளவு ஒடிக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சிரும். அப்புறம் பிடிச்சா எவர்சில்வர் வாங்குங்க.

ஒண்ணே ஒண்ணு: ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. பைப்பு எதுலயும் அடுப்பு செய்யாதீங்க. அது மேல இருக்குற துத்தநாகப் பூச்சு தீயில ஆவியாகும், சுவாசிச்சா குளிர்காய்ச்சல் வந்து ஆளப் படுக்க வெச்சிரும். வெல்டிங் பட்டறையில இருக்குறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். வெளிய பெயின்ட் அடிச்ச டின்னா இருந்தா மேல்பூச்ச ஒரு தடவ வெட்டவெளியில எரிச்சுட்டு, ஆறுன பிறகு தேய்ச்சுக் கழுவிட்டு சமைங்க.

கீழவாசல்

மேலே டின் அடுப்பு பற்றிப் படித்ததும் எங்கள் வீட்டு மரத்தூள் அடுப்பு ஞாபகம் வந்தது. நடுவில் சோடா பாட்டில் நிறுத்தி, அடியில் ஒரு கட்டையைக் குறுக்கே விட்டு, மரத்தூளைக் குத்திக் குத்தி நிரப்பி, இரண்டையும் உருவினால் உள்ளே ஒரு குழாய் உண்டாகும். அடியில் ஒரு விறகை வைத்துப் பற்றவைத்தால் காலைச் சமையல் முழுக்க ஓடும். பட்டறையில் தூள் சும்மா கிடைத்த காலம். சைக்கிளில் கொண்டுபோக முடியாது, ஆனாலும் "விறகை ஒரே தடவை நிரப்பி, காற்றுக்கு வழி விட்டு, அதன் போக்கில் எரியவிடு" என்பது நமக்குப் புதிதில்லை.

நொய்யல்கரை (கோவை)

ஞாயிற்றுக்கிழமை டின் அடுப்பு செய்து மொட்டைமாடியில் மூட்டிப் பார்த்தேன், உக்கடம்பட்டறை. கனலி சொன்னபடி மேலிருந்து பற்றவைத்தேன். மேல் துளைகளில் தீ நாக்கு வந்ததும் வீட்டுக்காரம்மாவே கிட்டே வந்து பார்த்தார், புகை இல்லை. அவர் சொன்ன யோசனைதான்: இரட்டைச் சுவர் எவர்சில்வரே வாங்குவோம், தாளிப்பதை வீட்டிலேயே முடித்து, வறுத்த ரவையோடு கலந்து கொண்டுபோவோம், அங்கே வெந்நீரில் கொட்டிக் கிளறினால் போதும். மதுரைமலை சொன்ன கட்டுப்பாட்டுப் பிரச்சினை அப்படியே போய்விடுகிறது. பிப்ரவரியிலிருந்து கேஸ்தான், அதிலும் மாற்றம் இல்லை.

இரண்டு சந்தேகம். சட்டியின் அடியில் பிடிக்கும் கரியை எப்படிச் சமாளிப்பது? தரைக்கு அடியில் என்ன வைக்கலாம்?

மதுரைமலை

தாளிச்சுக் கொண்டுபோறது அருமையான யோசனை, அக்காவுக்குச் சொல்லிருங்க. இரட்டைச் சுவர் வாங்குறப்போ ஒண்ணு கவனிங்க: கீழ்த்தட்டு அடுப்போட சேர்ந்தே இருக்கணும், உள்ள சாம்பல் விழுற இடம் மூடியிருக்கணும். சல்லடைத்தட்டு மெல்லிசா இருந்தா சீக்கிரம் தொய்ஞ்சிரும், விரலால அமுக்கிப் பாருங்க. 304 எவர்சில்வரானு கேளுங்க. சட்டியோட விட்டம் அடுப்பைவிட ஒரு விரக்கடை அகலமா இருந்தா போதும், ரொம்ப அகலம்னா காத்து அடைபட்டுப் புகையும், சாயவும் செய்யும்.

தரைக்கு ஒரு தட்டையான கல்லோ பழைய எவர்சில்வர் தட்டோ போதும். ஆத்தோரக் கூழாங்கல் வேண்டாம், ஈரம் ஊறுன கல்லு சூட்டுல வெடிக்கும்.

சாரணியர்அக்கா (திருச்சி)

கரிக்கு நம் பாட்டிமார் வழி இருக்கிறதே தம்பி. சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சட்டியின் வெளிப்பக்கம், அடியிலும் பக்கத்திலும் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். களிமண்ணும் பூசலாம். சமைத்து முடித்தபின் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் கரி பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். முதல் நாள் மட்டும் வீட்டிலிருந்து கொஞ்சம் சாம்பல், பிறகு அடுப்புச் சாம்பலே போதும். சட்டிக்கென்று ஒரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள், மற்ற சாமான் கருப்பாகாது. ஆற்றிலோ ஓடையிலோ வைத்துத் தேய்க்க வேண்டாம், ஒரு குடுவை தண்ணீர் எடுத்துத் தள்ளிப்போய்க் கழுவுங்கள்.

பர்லியார் (குன்னூர்)

அணைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூட்டும் முன்பே பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கணும், குடிக்க வைத்த தண்ணீர் கணக்கில் சேராது. அடுப்பைச் சுற்றி கை நீட்டும் தூரத்துக்குச் சருகை ஒதுக்கிவிடுங்கள். கடைசியாகப் போட்ட விறகு சாம்பலாகும்வரை எரியவிடுங்கள். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் தகடு நெளியும். அதனால் கங்கைத் தட்டில் கொட்டி, தண்ணீர் விட்டு, குச்சியால் கிளறி, மறுபடி தண்ணீர் விடுங்கள். பிறகு புறங்கையைக் கிட்டே கொண்டுபோங்கள், கடைசியில் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. மண் போட்டு மூடுவதை நம்பாதீர்கள், மண்ணுக்கு அடியில் கங்கு மறுநாள்வரை இருக்கும், காற்று வந்து கிளறினால் போதும்.

நொய்யல்கரை (கோவை)

எல்லாம் குறித்துக்கொண்டேன். கொல்லிமலையில் டிசம்பர் காலையில் பனி கொட்டும், சுள்ளி நனைந்துவிடாதா? காலைக் காபிதான் எங்களுக்கு முக்கியம்.

வடகடல் (ஒஸ்லோ)

காலைமைக்குத் தேவையான சுள்ளியை முதல் நாள் பின்னேரம், வெயில் இறங்க முதல் பொறுக்கி, மூண்டு குவியலும் பிரிச்சு, பிளாஸ்டிக் பையில கட்டிக் கூடாரத்துக்குள்ள கால்மாட்டில வையுங்கோ அண்ணை. தீப்பெட்டியும் சூடமும் இன்னொரு சின்ன டப்பாவில. இரவு சமைச்சு முடிய, தட்டில கங்கை அணைச்சு நல்லா ஆறினாப் பிறகு, அந்தக் கரியில கொஞ்சம் எடுத்துக் காய வையுங்கோ. காலமை அடுக்கில சேர்த்தால் கெதியாப் பிடிக்கும். இரண்டு டம்ளர் கோப்பிக்கு ஒரு பிடி சுள்ளி காணும்.